கல்லணையை இருபது ரூபாயில் போடுங்கள்

மதிப்பிற்குரிய இந்திய ரிசர்வ் வங்கி ஆளுநர் அவர்களுக்கு,

வணக்கம். பாபநாசம் வட்டத்தில் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நகைக்கடன் வட்டி, உரக்கடன் தவணை என்று கவுன்ட்டர் வழியாக உள்ளே வந்த நோட்டுகளை எண்ணி எண்ணியே காலம் போனது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

அடுத்த முறை நோட்டுகளின் வடிவத்தை மாற்றும்போது யோசனையைச் சின்ன நோட்டிலிருந்து தொடங்குங்கள். இருபது ரூபாயில் கல்லணையைப் போடுங்கள். அந்த இருபதை அரை வெளிச்சத்திலும் இருநூறிலிருந்து பிரித்துப் பார்க்க முடிகிற மாதிரி அச்சடியுங்கள். உங்கள் மத்தியக் குழு பரிந்துரைத்து மத்திய அரசு ஒப்புதல் தந்தால்தான் வடிவம் முடிவாகும் என்பது சட்டம். ஆகவே ஒரு நகல் நிதி அமைச்சகத்துக்கும் போகிறது.

தஞ்சாவூர்ச் சீமைக்கு நோட்டில் இடமே கொடுக்கவில்லை என்று புலம்புவதற்காக இந்த மடல் இல்லை. கொடுத்தார்கள். 1954-ல் பெரிய மதிப்பு நோட்டுகளைத் திரும்பக் கொண்டுவந்தபோது ஆயிரம் ரூபாயில் எங்கள் பெரிய கோயிலைப் போட்டார்கள். ஐயாயிரத்தில் பம்பாயின் கேட்வே ஆஃப் இந்தியா, பத்தாயிரத்தில் அசோகத் தூணின் சிங்கங்கள். ராஜராஜன் கட்டிய கோயில் இந்தியப் பணத்தில் ஏறியது பெருமைதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கோயிலைச் சுற்றி வாழ்ந்தவர்களில் எத்தனை பேர் அந்த நோட்டைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்?

அன்றைக்கு இங்கே பண்ணையாளுக்குக் கூலி நெல். மரக்கால் கணக்கில் அளந்து போட்டதுதான் சம்பளம். 1952-ல் வந்த தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமே கூலியை நெல்லாகத்தான் பேசியது. 1968-ல் கீழவெண்மணியில் 44 பேரை உயிரோடு எரித்த கொடுமைக்குப் பின்னால் இருந்ததும் கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்ட தகராறுதான். இப்படிப்பட்ட சீமையில் ஆயிரம் ரூபாய் நோட்டு என்பது மிராசுதார் வீட்டு இரும்புப் பெட்டிச் சமாச்சாரம். 1978 ஜனவரி 16-ல் மொரார்ஜி தேசாய் அரசு ஆயிரம், ஐயாயிரம், பத்தாயிரம் மூன்றும் செல்லாது என்று அறிவித்தபோது, பொங்கல் முடிந்த கையோடு களத்துமேட்டில் நின்றவர்களுக்கு அது ரேடியோவில் சொன்ன ஒரு செய்தி, அவ்வளவே. பெரிய கோயில் நோட்டில் வந்ததும் அவர்களுக்குத் தெரியாது, போனதும் தெரியாது.

2016 நவம்பர் அப்படிப் போகவில்லை. அதற்குள் ஐநூறு ரூபாய் நடவாள் கைக்கும் வந்திருந்தது. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் ஒரே ராத்திரியில் செல்லாமல் போனது, அதுவும் சம்பாவுக்குக் களையெடுக்கிற நேரத்தில். அந்தக் கதையை எழுத வேறு மடல் வேண்டும். இங்கே சொல்ல வந்தது, யார் கையில் எந்த நோட்டு இருக்கிறதோ அதுதான் அவர்களுக்கு நாட்டின் பணம் என்பதை மட்டும்.

காகிதப் பணம் பிறந்ததே பெரிய மனிதர்களுக்காகத்தான். 1861-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வந்த விக்டோரியா ராணி நோட்டுகள் பத்து ரூபாயில் ஆரம்பித்து ஆயிரம் வரை போயின. ஒரு பக்கம்தான் அச்சு. நோட்டு வெளியிடுவதற்காக நாட்டைப் பெரிய வட்டங்களாகப் பிரித்திருந்தார்கள்; மதராஸ் வட்டத்து நோட்டு மதராஸ் வட்டத்துக்குள்தான் சட்டப்படி செல்லும். தபாலில் பணம் அனுப்புகிறவர்கள் நோட்டை இரண்டாக வெட்டி ஒரு பாதியை முதலில் அனுப்புவார்கள்; வந்து சேர்ந்தது என்று பதில் கிடைத்த பிறகே மறுபாதி புறப்படும். இன்றைக்கு ஓடிபி வரும்வரை காத்திருக்கிறோமே, அதன் கொள்ளுப்பாட்டன்!

சின்ன நோட்டு வந்தது யார் மேலும் இருந்த அக்கறையால் அல்ல. முதல் உலகப் போரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்தது, 1917 நவம்பர் 30-ல் ஒரு ரூபாய் நோட்டை இறக்கினார்கள். அடுத்து இரண்டு ரூபாய் எட்டணாவுக்கு ஒரு நோட்டு. ஒரு ரூபாய் நோட்டில் அவர்கள் போட்ட படம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: ஐந்தாம் ஜார்ஜ் தலை பொறித்த அதே வெள்ளி ரூபாய். காகிதத்தை நம்பாதவனுக்கு வெள்ளியைப் படத்தில் காட்டிச் சமாதானம் சொன்ன வேலை. அந்த நோட்டைக் கையில் வாங்கப்போகிறவன் யார், அவன் என்ன நினைப்பான் என்று வெள்ளைக்காரன் ஒரு நிமிஷமாவது யோசித்திருக்கிறான்.

உங்கள் வங்கியின் முதல் நோட்டும் சின்ன நோட்டுதான், நினைவிருக்கட்டும். 1938 ஜனவரியில் வந்த ஐந்து ரூபாய், ஆறாம் ஜார்ஜ் படம் போட்டது. பத்தாயிரம் அந்த ஜூனில்தான் வந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்து நோட்டுகளைக் கண்ணை மூடினாலும் சொல்வேன். ஒரு ரூபாயில் கடலுக்குள் நிற்கும் எண்ணெய்க் கிணறு. இரண்டில் ஆரியபட்டா செயற்கைக்கோள். ஐந்தில் டிராக்டர், பத்தில் மயில், இருபதில் கோனார்க் தேர்ச்சக்கரம், ஐம்பதில் நாடாளுமன்றம், நூறில் ஹிராகுட் அணை. அந்த வரிசையில் ஒரு நியாயம் இருந்தது. நாடு எதையெல்லாம் நினைத்துப் பெருமைப்பட்டதோ அதையெல்லாம் ஒரு ரூபாயிலும் இரண்டு ரூபாயிலும் போட்டது. ஆரியபட்டாவை எங்கள் ஊர் டீக்கடைக் கல்லாவில் எல்லோரும் பார்த்தார்கள். ஐந்து ரூபாயில் இருந்த டிராக்டரைத் தவிர வேறு டிராக்டர் வந்து நிற்காத வீடுகள்தான் ஊரில் அதிகம் என்பது வேறு விஷயம்.

இப்போதைய வரிசையைப் பாருங்கள். பத்தில் கோனார்க் சூரியன் கோயில், இருபதில் எல்லோரா, ஐம்பதில் ஹம்பி, நூறில் குஜராத்தின் ராணி கி வாவ் படிக்கிணறு, இருநூறில் சாஞ்சி, ஐநூறில் செங்கோட்டை. மங்கள்யான் மட்டும் இரண்டாயிரத்தில் ஏறியது, அதையும் 2023 மே மாதம் திரும்பப் பெறுவதாக அறிவித்துவிட்டீர்கள். எல்லாம் அருமையான இடங்கள்தான். ஆனால் சுற்றுலா பஸ் போய் நிற்கிற இடங்கள். இன்னும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிற ஒரு கட்டுமானம் சின்ன நோட்டு எதிலும் இல்லை. கோனார்க் வருவது இது இரண்டாவது முறை என்பதையும் காசாளன் புத்தி கணக்கு வைத்துக்கொள்கிறது.

படம் போகட்டும், கைக்கு வருகிறேன். நடவுக்குப் போகிற அம்மாக்கள் நோட்டை எட்டாக மடித்துச் சுருக்குப் பையில் வைப்பார்கள். அதே பையில் வெற்றிலை, அதே பையில் சுண்ணாம்பு டப்பா. வயலில் இடுப்பளவு நனைந்தால் பையும் நனையும். சங்கத்துக்கு வரும்போது அந்த நோட்டு ஒரு வில்லையாக ஒட்டிக்கொண்டிருக்கும். கட்டைவிரல் நகத்தால் ஓரத்தை நெம்பி மெதுவாகப் பிரிக்க வேண்டும், அவசரப்பட்டால் மடிப்போடு கிழியும். சுண்ணாம்பு பட்ட இடத்தில் மை வெளுத்திருக்கும், பாக்குக் கறை நடுவில் ஒரு தேசப்படம் போட்டிருக்கும். பருத்தி இழையில் செய்த காகிதம் என்பதால்தான் இவ்வளவும் தாங்குகிறது. ஐநூறு ரூபாய்க்கு இந்தக் கதி வருவதில்லை. அது மடிப்புக் கலையாமல் பீரோவுக்குப் போகிறது. பத்தும் இருபதும்தான் சேற்றில் இறங்குகின்றன.

கிழிந்த நோட்டு விதியில் இதை நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். இருபது ரூபாய் வரை, பெரிய துண்டு பாதிக்கு மேல் இருந்தால் முழுப் பணம். ஐம்பதும் அதற்கு மேலும் என்றால் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் முழுசு, 40 முதல் 80 வரை பாதி. சின்ன நோட்டு படுகிற பாட்டைத் தெரிந்து எழுதிய விதி. அந்தக் கரிசனம் அச்சுக்கூடத்துக்குப் போகவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

பழைய காந்தி வரிசையில் பார்வையற்றவர்கள் தடவிப் பார்க்க மேடாக ஒரு குறி இருந்தது. இருபதில் நீள்சதுரம், ஐம்பதில் சதுரம், நூறில் முக்கோணம், ஐநூறில் வட்டம். பத்துக்கு மட்டும் கிடையாது. இப்போது அந்த மேட்டு அச்சு நூறும் அதற்கு மேலும்தான். இருபதிலும் ஐம்பதிலும் எடுத்துவிட்டீர்கள். பதிலுக்கு 2020-ல் மணி என்று ஒரு செல்போன் செயலி வந்தது, நல்லதுதான். ஆனால் ரயிலில் கடலை மிட்டாய் விற்கிற பார்வையற்ற மனிதர் ஒவ்வொரு இருபதுக்கும் போனை எடுத்துக் காட்டிக்கொண்டா இருப்பார்? அவர் விரலுக்குத் தேவைப்படுவது ஐநூறின் வட்டத்தைவிட இருபதின் நீள்சதுரம்தான்.

அடுத்தது நிறம். 2017-ல் இருநூறு பளிச்சென்ற மஞ்சளில் வந்தது. 2019-ல் இருபது பச்சை கலந்த மஞ்சளில் வந்தது. மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தால் வேறுதான், நீளமும் 146 மில்லிமீட்டருக்கு 129. ஆனால் மேசையில் விரித்து வைத்தா வாங்குகிறோம்? நாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் விடியாத நேரத்து ஏலத்துக்கு வாருங்கள். மஞ்சள் விளக்கு, ஈரக்கை, செதில் ஒட்டிய விரல், நாலாக மடித்து நீட்டுகிற நோட்டு. மடித்த மடிப்பில் இருபதும் ஒன்றுதான், இருநூறும் ஒன்றுதான். அங்கே மீன் வாங்கி விற்கும் ஓர் அம்மாளிடம் கேட்டேன். "மஞ்சளா இருந்தா விரிச்சுக் காட்டினாத்தான் வாங்குவேன் அண்ணே. மடிச்சுக் குடுத்தா நானும் குடுக்கமாட்டேன், வாங்கவும் மாட்டேன்" என்றார். பின்பக்கத்துப் பதினைந்து மொழிகளில் தமிழ் பதின்மூன்றாவது வரியாக இருக்கிறது. அந்தப் பொடி எழுத்தை அந்த வெளிச்சத்தில் அவர் எங்கே தேடுவார்? நிறம்தான் அவருக்கு எழுத்து.

சோதித்துப் பார்க்கிற வழக்கம் உங்களுக்கு இல்லாமல் இல்லை. பிளாஸ்டிக்கில் பத்து ரூபாய் அடித்துப் பார்க்கலாம் என்று கொச்சி, மைசூர், ஜெய்ப்பூர், புவனேஸ்வர், சிம்லா என ஐந்து ஊர்களைத் தட்பவெப்பம் பார்த்துத் தேர்ந்தெடுத்தது நீங்கள்தான். அது நடக்காமல் போனாலும் யோசனை சரியான யோசனை. அதே மாதிரி, நிறம் முடிவாகும் முன் மாதிரி நோட்டுகளோடு நாலு பேரை ஒரு மீன் ஏலத்துக்கும், தாராசுரம் காய்கறி மார்க்கெட்டுக்கும் அனுப்பிவையுங்கள். மடித்துக் கொடுத்து, இது என்ன என்று கேட்கச் சொல்லுங்கள். ஆராய்ச்சி அறிக்கையெல்லாம் அப்புறம் எழுதலாம்.

வடிவத்தை மாற்றிவிட்டு மக்களுக்குப் புரியவைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பத்து ரூபாய் நாணயம் ஒன்றே போதும். 14 வடிவங்களும் செல்லும் என்று 2018-ல் நீங்கள் அறிக்கை விட்டும், ரூபாய்க் குறி இல்லாதது கள்ளக்காசு என்ற புரளி எங்கள் பக்கத்து மளிகைக் கடைகளை விட்டுப் போக வருஷக்கணக்காயிற்று.

இனி கல்லணை. நூறு ரூபாயில் ஹிராகுட்டைப் போட்ட நாட்டுக்கு அணை புதிதல்ல. கரிகாலன் கட்டியதாக நாங்கள் சொல்லும் இந்த அணை, ஆற்று மணலில் கல்லைப் போட்டு, அது புதையப் புதைய மேலே கல்லடுக்கி நிறுத்தியது. மேலே தெரிகிற பாலமும் ஷட்டர்களும் பிரிட்டிஷ் காலத்து வேலை; அடியில் இருப்பது பழைய கல்கட்டு. இன்றும் அங்கிருந்துதான் தண்ணீர் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் 1934-ல் வெட்டிய கல்லணைக் கால்வாய்க்கும் பிரிந்து போகிறது, மிஞ்சியது கொள்ளிடத்தில் விழுகிறது. இத்தனை நூற்றாண்டு ஆகியும் பென்ஷன் வாங்காத சின்னம் இது. இதை ஐநூறில் போட வேண்டாம். பெரிய கோயிலை ஆயிரத்தில் போட்டு என்ன ஆயிற்று என்று மேலே சொல்லிவிட்டேன். அந்தத் தண்ணீரில் நின்று நடுகிறவர் கைக்கு வருகிற நோட்டில் போடுங்கள்.

ஒரு வேண்டுகோள். கல்லணை என்றதும் யானைமேல் இருக்கும் கரிகாலன் சிலையைப் படம் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். சிலை வேண்டாம். ஷட்டர்களும், கீழே தண்ணீர் விழும் இடமும் தெரிய வேண்டும். மேட்டூரை ஜூன் 12-ல் திறந்தால் இரண்டு மூன்று நாளில் இங்கே தண்ணீர் எட்டிவிடும், அணையில் பூவும் நெல்லும் தூவித் திறப்பார்கள். படம் வரைய ஆள் அனுப்புவதானால் அந்த வாரத்தில் அனுப்புங்கள். கோடையில் வந்தால் மணலைத்தான் வரைந்துகொண்டு போக வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கக் காசாளர்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.