பூட்டே இல்லாத வீட்டுக்குப் பூட்டுப் போட்ட அதிகாரிகளுக்கு

வீட்டுக் கணக்கெடுப்பு அதிகாரிகளுக்கு வணக்கம்.

கடலூர் மாவட்டம் கிள்ளைப் பக்கம் இருக்கிற எங்கள் இருளர் குடியிருப்புக்குப் போன வாரம் உங்கள் ஆட்கள் வந்துபோனதாகக் கேள்விப்பட்டேன். கேள்விதான் பட்டேன், ஏனென்றால் அவர்கள் வந்த பதினொரு மணிக்கு நாங்கள் இறால் போடுகிற பறிக் கூடையை வாயில் கவ்விக்கொண்டு, சுரபுன்னை மர வேருக்கு நடுவே இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் வற்றுகிற நேரம்தான் எங்களுக்கு வேலை நேரம். அது உங்கள் ஆபீஸ் நேரத்தைப் பார்த்து வருவதில்லை.

காது மந்தமான எதிர்வீட்டு ஆயா மட்டும் இருந்திருக்கிறது. தெருவில் நின்றே படம் எடுத்தார்களாம். எங்கள் வீட்டுக்கு நேராக "பூட்டியிருக்கிறது" என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஐயா, எங்கள் வீட்டுக்குக் கதவே கிடையாது, தார்ப்பாய்தான் தொங்குகிறது. அதில் எந்த இடத்தில் பூட்டைப் பார்த்தார்கள் என்று தெரிந்தால் நாங்களும் ராத்திரியில் பூட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவோம்.

அந்தத் தார்ப்பாய்க்கு உள்ளே ஏழு பேர். அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, கைக்குழந்தை, நான், தங்கச்சி. ரேஷன் கார்டு ஒன்றுதான் என்பதால் உங்கள் கணக்கில் ஒரு குடும்பம். தங்கச்சி பத்தாவது படிக்கிறாள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது தரையில் தண்ணீர் ஊறி வந்துவிட்டது. குழந்தையைக் கட்டிலில் போட்டுவிட்டு மற்றவர்கள் நின்றோம். தங்கச்சி புத்தகப் பையை மடியில் வைத்து, அதன் மேல் சாதிச் சான்றிதழ் இருந்த பிளாஸ்டிக் கவரை வைத்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். இன்றைக்கும் மழை இருட்டினால் முதலில் அந்தக் கவரைத்தான் தேடுகிறாள். இதற்கு உங்கள் படிவத்தில் எந்தக் கட்டம் என்று தெரியவில்லை.

சாயங்காலம் வாருங்கள் என்பதுதான் நாங்கள் கேட்பது. உட்கார்ந்து கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் பழைய தொகுப்பு வீடு ஒன்று இருக்கிறது. உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்துக் கூரைக் காரை பெயர்ந்து விழுவதால் அவர்கள் வாசலில்தான் படுக்கிறார்கள். ஆனால் பேப்பரில் அது கான்கிரீட் வீடு, அதனால் புது வீடு கிடையாதாம். எங்களுக்கு வேறு பதில்: பட்டா இல்லை, அதனால் வீடு இல்லை. இருப்பது புறம்போக்கு, அதனால் பட்டா இல்லை. சரி, வேறு இடம் தருகிறோம் என்றால் தண்ணீரை விட்டு எங்கேயோ தள்ளிக் காட்டுகிறார்கள். விடியற்காலை பறியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பதா?

திட்டத்துக்குக் குறைச்சல் இல்லை. 2023 நவம்பரில் மத்திய அரசு தொடங்கிய பி.எம். ஜன்மன் திட்டம் எங்களைப் போன்ற மிகவும் நலிந்த பழங்குடிகளுக்கு என்றே வந்தது. தமிழக அரசின் கலைஞர் கனவு இல்லம் திட்டம் 360 சதுர அடி வீடு என்று வந்தது. புதுச்சேரியிலோ 2016 டிசம்பர் வரை இருளர் பழங்குடிப் பட்டியலிலேயே இல்லை. பாகூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த என் அத்தை, ஆற்றைத் தாண்டினதும் சாதி மாறிடுச்சு என்று சிரிக்கும். இப்போது பட்டியலில் பெயர் இருக்கிறது, வீடுதான் வரவேண்டும். எங்களை எண்ணுவதற்கு மட்டும் யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. ஓட்டுக் கேட்க வருகிறவர்களுக்கு நாங்கள் எப்போது வீட்டில் இருப்போம் என்று சரியாகத் தெரிகிறது, அவர்களிடமாவது கேட்டுக்கொள்ளக் கூடாதா?

கோபத்தில் கொஞ்சம் அதிகமாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும். தயவுசெய்து அந்தப் "பூட்டியிருக்கிறது" என்பதை அடித்துவிட்டு இன்னொரு முறை, சாயங்காலம், ஆறு மணிக்கு மேல் வாருங்கள். அண்ணன் குடும்பத்தைத் தனிக் குடும்பமாக எழுதுங்கள். தரையை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று அம்மாவிடம் கேளுங்கள், போன மழைத் தண்ணீர் நின்ற உயரத்தை மூங்கிலில் கரியால் கோடு போட்டு வைத்திருக்கிறது. முதல் நாளே சொல்லி அனுப்பினால் எல்லோரும் இருப்போம்.

இப்படிக்கு,
அந்தத் தார்ப்பாய் வீட்டுப் பையன்