கடன் இல்லை அம்மா

கிளீவ்லாந்து, அமெரிக்கா,
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

"படிப்புக்கு யார்கிட்ட கடன் வாங்கின?" என்று போன வாரம் போனில் மூன்று தடவை கேட்டுவிட்டாய். டூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் சரியாகச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கடன் இல்லை அம்மா. நோயாளியைப் பரிசோதித்து மருந்தும் எழுதித் தரும் நர்ஸ் ஆவதற்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பின் ஃபீஸில் ஒரு பங்கை ஆஸ்பத்திரியே கட்டுகிறது. ஊழியரின் படிப்புக்கு இப்படிக் கட்டும் பணத்தில் வருஷத்துக்கு 5,250 டாலர் வரை இங்கே வருமான வரி கிடையாது. மீதியைக் கட்டுவது ஒரு பாட்டி. நான் அவரைப் பார்த்ததே இல்லை. நான் வந்து சேர்வதற்கு முன்பே இறந்துவிட்டார்.

எங்கள் வார்டில் பல நாள் கிடந்து பிழைத்தவராம். வீட்டுக்குப் போன பிறகு உயில் எழுதும்போது, தன்னைப் பார்த்துக்கொண்ட வார்டு ஆட்கள் மேலே படிக்க வேண்டும் என்று ஒரு தொகையை ஒதுக்கியிருக்கிறார். அந்த அசல் தொகையை யாரும் தொடுவதில்லை. அதை முதலீட்டில் போட்டு, வருஷா வருஷம் நூற்றுக்கு நாலோ ஐந்தோ எடுத்துச் செலவழிக்கிறார்கள். நர்ஸ் மட்டும் இல்லை, தரை துடைக்கிறவரும் கேட்கலாம். அப்படிக் கேட்டு நர்ஸிங் உதவியாளர் பயிற்சிக்குப் போன ஒருவர் இப்போது என்னோடு நைட் டூட்டி பார்க்கிறார்.

இங்கே இப்படிக் கொடுப்பவர்கள் நிறைய. ஓய்வூதியக் கணக்கின் வாரிசுப் படிவத்தில் பிள்ளைகளோடு ஆஸ்பத்திரியின் அறக்கட்டளையையும் சேர்க்கிறார்கள். அந்தப் பணம் பிள்ளைகள் கைக்குப் போனால் பெரும்பாலும் வரி உண்டு, அறக்கட்டளைக்குப் போனால் வரி இல்லை. சிலர் இருக்கும்போதே கொடுத்துவிட்டு, ஆயுள் முழுக்க ஒரு நிலையான தொகை வாங்கிக்கொள்கிறார்கள். மிச்சம்தான் ஆஸ்பத்திரிக்கு. காபி குடித்துக்கொண்டே இதையெல்லாம் பேசுவார்கள் அம்மா! நம் வீட்டில் உயில் என்று வாயெடுத்தாலே நீ எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாய்.

நீ ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தபோது காசிமேட்டிலிருந்து ஒரு மீன்காரம்மா வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? மகன் பிழைத்துவிட்டான் என்று முழு வஞ்சிரத்தைக் கூடையில் வைத்துக்கொண்டு, "சிஸ்டர், வேணாம்னு சொல்லாதீங்க" என்று வாசலிலேயே நின்றார். அந்த அம்மாவின் மனசுக்கும் இந்தப் பாட்டியின் மனசுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. வஞ்சிரம் அன்று ராத்திரி நமக்குக் குழம்பானது. பாட்டியின் பணம், முகம் தெரியாத என்னைப் படிக்க வைக்கிறது. எனக்குப் பின்னால் வருகிறவளையும் படிக்க வைக்கும்.

இது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. பச்சையப்ப முதலியார் 1794-இல் இறந்தார். அவர் தர்மத்துக்கு எழுதிவைத்த சொத்திலிருந்து 1842-இல் பள்ளிக்கூடம் வந்தது. அதுதான் வளர்ந்து, அப்பா பி.காம். படித்த பச்சையப்பன் கல்லூரியானது. நீ வேலை பார்த்த ஸ்டான்லியே 1782-இல் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய இடத்திலிருந்து வளர்ந்ததுதானே. வண்ணாரப்பேட்டையில் பெரியவர்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதானே சொல்கிறார்கள்.

அதனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. அப்பாவின் பணத்தை டெபாசிட் போட்டு என்னை நாமினியாக வைத்திருக்கிறாய். பேங்க்கில் நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். யாருக்குச் சேர வேண்டும் என்பதை உயில்தான் சொல்லும். வெள்ளைத்தாளே போதும், முத்திரைத்தாள் வேண்டாம். நீ கையெழுத்துப் போட்டு, இரண்டு சாட்சிகளும் போட வேண்டும். பதிவு செய்வது உன் விருப்பம். அதில் எனக்கு வருவதில் பாதியை, நம் பக்கத்துப் பெண் யாராவது நர்ஸிங் படிக்க எழுதிவை. எந்த அறக்கட்டளை மூலமாக என்று நான் பொங்கலுக்கு வரும்போது விசாரிக்கலாம்.

அப்புறம், அடுத்த மாதம் பாட்டியின் மகள் எங்களைப் பார்க்க வருகிறார். வெறுங்கையோடு போய் நிற்க மனசு வரவில்லை. அதிரசத்துக்கு மாவு எத்தனை நாள் புளிக்க வேண்டும், பாகு எந்தப் பதம் என்று உடனே எழுதி அனுப்பு. போன தடவை எண்ணெயில் போட்டதும் பிரிந்துவிட்டது.

உன் அன்பு மகள்