நகல் வேறு, போலி வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உலக ஒளிப்பட நாளையொட்டித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, ஈரத்தட்டு முறையில் படமெடுப்பதற்காக இக்காலத்தில் புதிதாகச் செய்யப்படும் மரக் கேமராக்களைப் பழைய பொருள்போல் வேடமிட்ட போலிகள் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டது. ஒளிப்படக்கலையை முப்பது ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையிலும், அத்தகைய கேமரா ஒன்றைத் தச்சர் ஒருவரோடு சேர்ந்து செய்து இன்றுவரை பயன்படுத்தி வருபவன் என்ற முறையிலும் அந்த வரியை என்னால் ஏற்க இயலவில்லை.

இங்கிலாந்தைச் சேர்ந்த ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851-இல் வெளியிட்ட முறைதான் ஈரத்தட்டு முறை. அவர் இதற்குக் காப்புரிமை கோரவில்லை. 1857-இல் வறுமையில் இறந்தார். ஈதரும் ஆல்கஹாலும் கலந்த நீர்மத்தில் வெடிபஞ்சை (அமிலத்தில் பதப்படுத்திய பஞ்சு) கரைத்துப் பெறும் கொலோடியனில் அயோடைடு, புரோமைடு உப்புகளைச் சேர்த்து, அதைக் கண்ணாடித் தட்டின்மேல் ஊற்றிப் பரப்பி, சில்வர் நைட்ரேட் கரைசலில் ஏறக்குறைய மூன்று நிமிடம் அமிழ்த்தி எடுத்து, அந்த ஈரம் காய்வதற்குள் படமெடுத்து டெவலப் செய்தும் முடித்துவிட வேண்டும். கையில் இருப்பது பத்து, மிஞ்சினால் பதினைந்து நிமிடம். ஆகவே இருட்டறையும் தொட்டிகளும் மருந்துப் புட்டிகளும் படமெடுப்பவரோடு கூடவே சென்றாக வேண்டும். 1864-இல் காஷ்மீருக்குப் படமெடுக்கச் சென்ற சாமுவேல் பூர்னின் சாமான்களைச் சுமக்க 42 கூலியாட்கள் தேவைப்பட்டார்கள். அந்தச் சுமையில் கேமரா ஒரு சிறு பகுதியே.

இந்தக் கருவிகளுக்கு நகல் எதற்கு, பழையதையே பயன்படுத்தலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தட்டிலிருந்து சொட்டும் சில்வர் நைட்ரேட் மரத்தைக் கறுக்கச் செய்து, நாளடைவில் அரித்துவிடும். தட்டை வைத்துக் கேமராவில் செருகும் அக்காலத்துத் தட்டுப்பெட்டிகளின் கீழ்ச்சட்டமும் மூலைகளும் கரிபிடித்து உதிர்ந்து கிடப்பதற்கு இதுவே காரணம். நூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்து வந்த ஒரு கேமராவை எடுத்து மீண்டும் அதன்மேல் வெள்ளி உப்பைச் சொட்டவிடுவது, அதைக் காப்பாற்றி வைத்தவர்களுக்குச் செய்யும் துரோகம் என்றே நான் கருதுகிறேன். நகல் இருந்தால் கறை நகலோடு போகும், மூலம் பிழைக்கும்.

ஆனால் நகல் என்பது வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்துச் செய்வதன்று. பல ஆண்டுகளுக்கு முன்பு, பித்தளை விளிம்பும் தோல் துருத்தியும் மூன்றுகால் தாங்கியும் கொண்ட ஒரு கேமராவை, படமெடுக்கக்கூடியது என்று கடைக்காரர் சொன்னதை நம்பி வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து பின்புறத்தைத் திறந்தபோது தட்டு வைக்க இடமே இல்லை. லென்ஸின் இடத்தில் இருந்தது வெறும் கண்ணாடி வில்லை. வரவேற்பறை அலங்காரத்துக்கு அது போதும். அதன் பிறகுதான் எங்கள் ஊர்த் தச்சரிடம் தேக்கில் ஐந்துக்கு ஏழு அங்குலக் கேமரா ஒன்றைச் செய்யச் சொன்னேன். அவருடைய கைவேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் முதல் ஆறு தட்டுகளிலும் படம் மங்கலாகவே விழுந்தது. லென்ஸையும் மருந்தையும் மாறி மாறிச் சந்தேகித்துவிட்டு, கடைசியில் அளவுகோலை எடுத்துப் பார்த்தால், குவியம் பார்க்கும் தேய்த்த கண்ணாடியின் சொரசொரப்பான முகம் இருந்த தளத்துக்கும், தட்டின் மருந்து பூசிய முகம் வந்து நின்ற தளத்துக்கும் இடையே இரண்டு மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தது. இந்த இரண்டு முகங்களும் லென்ஸிலிருந்து ஒரே தொலைவில் நின்றாக வேண்டும். மற்ற அழகெல்லாம் இதற்குப் பின்னால்தான். தட்டைத் தாங்கும் மூலைகளில் மரம் படாதபடி வெள்ளிக் கம்பியோ அக்ரிலிக்கோ இருக்கிறதா, வழியும் கரைசல் தேங்குவதற்கு அடியில் ஒரு பள்ளம் இருக்கிறதா என்பதும் வாங்குவோர் பார்க்க வேண்டியவை.

லென்ஸைப் பற்றியும் ஒரு சொல். 1840-இல் யோசெஃப் பெட்ஸ்வால் வியன்னாவில் கணக்கிட்டு உருவாக்கிய உருவப்பட லென்ஸின் பெயரால், 2013-இல் ஒரு நிறுவனம் புதிய லென்ஸ் ஒன்றை வெளியிட்டது. பின்னணி சுழல்வதுபோல் தெரியும் அந்தப் பழைய தோற்றத்தை அது தருகிறது என்பது உண்மை. ஆனால் அது 35 மி.மீ. கேமராக்களுக்கென்று செய்யப்பட்டது, ஐந்துக்கு ஏழு அங்குலத் தட்டு முழுவதையும் அதன் ஒளிவட்டம் நிரப்பாது. நல்ல பொருள்தான், ஈரத்தட்டுக்காரருக்கு உதவாது.

எல்லாவற்றையும் அப்படியே நகலெடுக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. அக்காலத்தில் படத்தை நிலைப்படுத்தப் பலர் பொட்டாசியம் சயனைடைப் பயன்படுத்தினார்கள். டெவலப்பரில் அமிலம் இருப்பதால், தட்டைச் சரியாகக் கழுவாமல் சயனைடில் போட்டால் நச்சுவாயு எழும். ஸ்டுடியோக்காரர்கள் அனைவரும் அறிந்த ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) அந்த வேலையைச் செய்யும்போது மாணவர்கள் கைக்குச் சயனைடு போகவே கூடாது. ஈதரின் கொதிநிலை ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸ்; நம் ஊர்ச் சித்திரை வெயில் அதைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். எளிதில் தீப்பற்றும் அந்தப் பொருளை வெக்கையில் திறந்துவைத்து வேலை செய்வது ஆபத்து என்பதோடு, தட்டும் விரைவில் காய்ந்துவிடும். நான் அதிகாலையில் மட்டுமே தட்டு ஊற்றுகிறேன்.

இந்த வெக்கையை நினைத்துப் பார்க்கும்போதுதான், 1867-68-இல் சென்னை அரசுக்காக மதுரை முதலிய ஊர்களின் கோயில்களைப் படமெடுத்த எட்மண்ட் டேவிட் லயனின் உழைப்பு எனக்கு விளங்கியது. இலங்கையின் களுத்துறையில் வாழ்ந்து 1879-இல் அந்நாட்டிலேயே மறைந்த ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன், தம் தட்டுகளில் விழுந்த கறைகளுக்காகவும் கோடுகளுக்காகவும் அவர் காலத்தில் பெரிதும் குறைகூறப்பட்டார். கொலோடியன் வழிந்த தடம் எது, டெவலப்பர் தயங்கிய இடம் எது என்பது இன்று அவருடைய படங்களைப் பார்த்தால் எனக்குத் தெரிகிறது. எந்த நூலும் எனக்கு அதைக் கற்றுத் தரவில்லை. அந்தத் தேக்குப் பெட்டிதான் கற்றுத் தந்தது.

உண்மையான போலி ஒன்று உண்டு, மறுக்கவில்லை. புதிய மரத்தைப் புகையில் கறுக்கவைத்து, பித்தளையில் பச்சைக் களிம்பு ஏற்றி, நூறு ஆண்டு பழையது என்று விற்கிறார்களே, அது. நகல் செய்வோர் ஒவ்வொருவரும் கேமராவின் அடிப்பலகையில் தம் பெயரையும் செய்த ஆண்டையும் அழியாதபடி பொறித்துவிட்டால் அந்த ஏமாற்றுக்கு இடம் குறையும். எங்கள் தச்சர் அவ்வாறே பொறித்திருக்கிறார்.

நம் அருங்காட்சியகங்களும் ஒளிப்படம் கற்பிக்கும் கல்லூரிகளும் பழைய கேமராவைக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே வேலை செய்யும் நகல் ஒன்றை வைத்து, மாதம் ஒருமுறையாவது ஒரு தட்டைப் பார்வையாளர் முன் எடுத்துக் காட்ட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். ஹைப்போவில் விழுந்த தட்டில் பால்நிற மூட்டம் விலகி முகம் தெளிந்து வருவதை ஒரு பள்ளிப் பிள்ளை நேரில் பார்க்கட்டும். அதற்கு ஆகும் தேக்கும் பித்தளையும் நம் ஊரில் உண்டு, செய்யத் தெரிந்த கைகளும் உண்டு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒளிப்படப் பயிற்றுநர்,
கும்பகோணம்.