சிவப்புக் கோடு போட்ட தெருக்கள்
பிரசாரத்தைத் திட்டமிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

தேர்தல் பிரசாரத்தைத் திட்டமிடும் குழுவினருக்கு,

வணக்கம். மூன்று தேர்தல்களில் வீடு வீடாகச் சென்று வாக்குக் கேட்டவன் நான். ஒவ்வொரு முறையும் பணிமனையில் ஒரு தெருப் பட்டியல் என் கைக்கு வரும். அதில் சில தெருக்களின் மேல், அங்கே போக வேண்டாம் என்று சிவப்பு மையால் கோடு போட்டிருக்கும். ஏன் என்று கேட்டால், "அது அவர்கள் கோட்டை" என்பார்கள். இல்லாவிட்டால், "அங்கே யாரும் வாக்களிக்க வரமாட்டார்கள்" என்பார்கள். இந்த இரண்டு பதில்களும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கின்றன.

தெருவுக்கும் வாக்குக்கும் தொடர்பே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. சுவீடன் அறிஞர் ஹெர்பர்ட் டிங்ஸ்டன் 1937-இலேயே இதை எடுத்துக்காட்டினார். தொழிலாளர்கள் செறிந்து வாழும் பகுதியில் இருக்கும் தொழிலாளி, மற்றவர்கள் நடுவே தனியாக வாழும் தொழிலாளியைவிட அதிகமாக வாக்களிக்க வருகிறார். தன்னைப் போன்றவர்கள் சுற்றிலும் இருந்தால் கால்கள் தாமாகவே வாக்குச்சாவடிக்கு நடக்கின்றன. இதை நானும் கண்ணால் கண்டிருக்கிறேன்.

ஆனால் சாவடிக் கணக்கிலிருந்து ஆளின் மனத்தைப் படிக்கப் பார்க்கிறீர்களே, அங்கேதான் தவறு. அமெரிக்கச் சமூகவியலாளர் டபிள்யூ. எஸ். ராபின்சன் 1950-இல் எழுதிய கட்டுரை இந்தப் பிழையைத் தெளிவாகக் காட்டியது. அவர் எடுத்துக்கொண்டது 1930-ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கு. மாநில வாரியாகப் பார்த்தால், வெளிநாட்டில் பிறந்தவர்கள் மிகுந்த மாநிலங்களில் எழுத்தறியாதவர்கள் குறைவு. ஆள் வாரியாகப் பார்த்தாலோ வெளிநாட்டில் பிறந்தவர்களிடையேதான் எழுத்தறியாதவர்கள் அதிகம். குடியேறியவர்கள், எழுத்தறிவு ஏற்கெனவே மிகுந்திருந்த மாநிலங்களில் போய்த் தங்கியதால் வந்த விளைவு இது. அதே நாட்டில் 2000, 2004 அதிபர் தேர்தல்களிலும் இப்படித்தான் நடந்தது: பணக்கார மாநிலங்கள் ஜனநாயகக் கட்சியின் பக்கம், பணக்கார வாக்காளர்களோ பெரும்பாலும் குடியரசுக் கட்சியின் பக்கம். ஒரு சாவடியில் எதிர்த்தரப்பு நூற்றுக்கு அறுபது பெற்றால், மீதி நாற்பது பேரும் அதே தெருவில்தானே குடியிருக்கிறார்கள்?

இரண்டாவது பதில் இதைவிடக் கொடியது. கோடு போட்ட தெரு ஒன்றில், யார் சொல்லையும் கேட்காமல், ஒரு மாலை முழுவதும் நடந்தேன். பெரும்பாலும் வாடகைக் குடியிருப்புகள். பட்டியலில் இருந்த பெயரைச் சொல்லிக் கதவைத் தட்டினால், "அவர்கள் காலி செய்துகொண்டு போய் வெகுநாளாகிறது" என்ற பதில் வந்தது. அந்த வீட்டில் இப்போது குடியிருப்பவரின் பெயரோ பழைய முகவரியிலேயே கிடந்தது. போனவர்களின் பெயர்கள் நீக்கப்படாததால் கணக்கில் வாக்காளர் எண்ணிக்கை ஊதிப்போயிருக்கிறது. வந்தவர்களின் பெயர்கள் சேர்க்கப்படாததால் வாக்களிக்கக்கூடியவர்கள் குறைந்திருக்கிறார்கள். சதவீதம் சரியாமல் என்ன செய்யும்? நீங்கள் அதற்கு அக்கறையின்மை என்று பெயர் வைத்தீர்கள். நான் பார்த்தது இடம்பெயர்வை. வீடு மாறுகிறவர்கள் குறைவாக வாக்களிப்பதற்கு, புதிய இடத்தில் மறுபடியும் பதிவு செய்யவேண்டியிருப்பது ஒரு பெரிய காரணம் என்று ஆய்வாளர்கள் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள்.

வறுமைதான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் வருமானம் ஏற ஏற வாக்களிப்போர் விகிதமும் ஏறுகிறது. இந்தியாவிலோ, ஏழைகள் வசதியுள்ளவர்களுக்குக் குறையாமல் வாக்களிக்கிறார்கள் என்றே பல தேர்தல்களின் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆஸ்திரேலியாவில் 1922-இல் வாக்குப்பதிவு 60 சதவீதத்தைக்கூட எட்டவில்லை; வாக்களிப்பதைக் கட்டாயமாக்கிய 1924-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், 1925-இல் 91 சதவீதத்தைத் தாண்டியது. மூன்றே ஆண்டுகளில் அந்த மக்களின் குணமா மாறிவிட்டது?

நாம் போகாததும் ஒரு காரணம். அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 1998-இல் அரசியல் அறிஞர்கள் கெர்பரும் கிரீனும் நடத்திய கள ஆய்வு இதைச் சோதித்தது. நேரில் கதவைத் தட்டிப் பேசியபோது வாக்களிக்க வந்தோர் எண்ணிக்கை நன்றாகவே உயர்ந்தது. அஞ்சலில் அனுப்பியது சிறிதளவே உதவியது. தொலைபேசி அழைப்பால் பயன் ஏதும் தெரியவில்லை. பின்னர் டென்வரிலும் மினியாபொலிஸிலும் இருவர் வாழும் வீடுகளில் நடந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. கதவைத் திறந்தவரிடம் ஏற்பட்ட தாக்கத்தில் 60 சதவீதம் உள்ளே இருந்த மற்றவருக்கும் பரவியது. அப்படியானால், தட்டாத ஒவ்வொரு கதவுக்கும் பின்னால் நாம் இழப்பது எத்தனை பேரை?

நீங்கள் கோடு போடுகிறீர்கள், நாங்கள் போவதில்லை, யாரும் வந்து கேட்காததால் அவர்களும் வருவதில்லை, அடுத்த தேர்தலில் அந்தக் குறைந்த சதவீதத்தையே காட்டி மறுபடியும் கோடு போடுகிறீர்கள். ஆட்களும் நேரமும் குறைவு என்பது எனக்கும் தெரியும். வாக்குப்பதிவுக்கு முந்தைய கடைசி வாரத்தில் உறுதியான ஆதரவாளர்களிடம் போவதை நான் குறை சொல்லவில்லை. நான் கேட்பது அதற்குப் பல மாதங்களுக்கு முந்தைய காலத்தை. பெயர் சேர்க்கும் காலம் முடிவதற்குள் கோடு போட்ட தெருக்களுக்கு ஆட்களை அனுப்புங்கள்; வாக்குக் கேட்க வேண்டாம், பெயர் சேர்க்கும் படிவத்தோடு போகட்டும். யார் அனுப்பினார்கள் என்பதை அந்த மக்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

ஆள் கிடைக்காவிட்டால் அந்தப் பட்டியலை என்னிடம் கொடுங்கள். என்னோடு வருவதற்கு நான்கு பேர் ஆயத்தமாக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் தொண்டர்களில் ஒருவன்