மக்களிடம் எதைக் கேட்பது?

சேலம்

அன்புள்ள நண்பனுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி.

ஏற்காடு ஒன்றியத்தில் எந்த மருத்துவ வசதிக்கு முதலிடம் என்பதை மக்களைக் கேட்டே முடிவு செய்யலாம் என்று எழுதியிருக்கிறாய். செய்யத்தான் வேண்டும். ஆனால் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. "என்ன வேண்டும்?" என்றால் டாக்டர், ஸ்கேன், ஆம்புலன்ஸ் என்று பட்டியல் நீளும். அதற்கு மனு போதும். ஒன்றை எடுத்தால் இன்னொன்று குறையும்படி கேட்டால்தான் எதை மேலாக நினைக்கிறார்கள் என்பது தெரியும். இருப்பது ஒரே வண்டி. அது வாரந்தோறும் சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு மஞ்சக்குட்டை மாதிரி ஊர்களுக்குப் போகட்டுமா, பிரசவ வலி கண்டவளைச் சேலத்துக்கு இறக்க ஏற்காட்டிலேயே நிற்கட்டுமா? எந்த மருந்து கேட்கும் என்பதை டாக்டர் சொல்லட்டும். யார் முதலில், யார் காத்திருக்கலாம் என்பது மக்கள் சொல்ல வேண்டியது.

வெறும் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பார்த்தார்கள். ஏழைகளுக்கான அரசு மருத்துவ உதவியில் எந்தச் சிகிச்சைக்கு முதலிடம் என்று 1990இல் செலவையும் பலனையும் வகுத்துப் போட்ட முதல் பட்டியலில், பல்லுக்கு உறை போடுவது குடல்வால் ஆபரேஷனுக்கு மேலே வந்தது. ஊர்க்கூட்டங்களில் மக்கள் சொன்னதையும் சேர்த்துத்தான் பிறகு திருத்தி அடுக்கினார்கள்.

ஆட்களைக் கிராமசபையிலிருந்து எடுக்காதே. பேசிப் பழகியவர்களே மறுபடியும் பேசுவார்கள். வாக்காளர் பட்டியலில் குலுக்கல் போடு. 30 பேர் போதும், பாதி பெண்கள். மலையாளிப் பழங்குடி மக்களும் எஸ்டேட் கூலிகளும் அவரவர் விகிதப்படி வர வேண்டும். பலர் மறுப்பார்கள், அதனால் நூறு பேருக்காவது அழைப்பு போகட்டும். இரண்டு நாள் கூலி, பஸ் செலவு, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் – இவை இல்லையென்றால் வசதியுள்ளவர்கள்தான் வருவார்கள். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் வைக்கவே வைக்காதே.

முதல் நாள் விவரம். எதிரெதிர் கருத்துள்ள இருவர் பேசட்டும். அவர்கள் பேசிய அளவுக்கு மக்கள் கேள்வி கேட்கவும் நேரம் வேண்டும். இரண்டாம் நாள் ஐந்து ஐந்து பேராக உட்காரட்டும், பெண்கள் தனியாக. சுகாதார நிலைய டாக்டர் விளக்கிவிட்டு வெளியே போய்விட வேண்டும். நாளைக்கு அவரிடமே ஊசி போட்டுக்கொள்ள வேண்டியவர்கள் அவர் எதிரில் வாய் திறக்க மாட்டார்கள். கை தூக்கச் சொன்னால் பக்கத்து ஆளைப் பார்த்துத் தூக்குவார்கள். படம் போட்ட சீட்டைப் பெட்டியில் போடச் சொல். எத்தனை பேர் என்பதைவிட ஏன் என்பதை எழுது. ஒத்துப்போகாத இரண்டு பேர் சொன்னதும் அறிக்கையில் வர வேண்டும்.

இத்தனையும் செய்து அறிக்கை பீரோவுக்குள் போய்விட்டால் அடுத்த முறை ஒருவரும் வரமாட்டார்கள். இங்கிலாந்தில் எந்தச் சிகிச்சைக்கு அரசு மருத்துவத்தில் செலவு செய்யலாம் என்று பரிந்துரைக்கும் நைஸ் (NICE) நிறுவனம் 2002இல் 30 பொதுமக்களைக் கொண்ட குழுவை அமைத்தது. சாகக் கிடப்பவரைக் காப்பாற்ற, விதிவிலக்காகச் செலவைப் பாராமல் இருக்கலாமா என்ற கேள்விக்கு 2006இல் குழுவின் பெரும்பான்மை "ஆம்" என்றது. நிறுவனம் ஏற்கவில்லை, அந்தப் பணத்தால் வேறு நோயாளிகளுக்குச் சிகிச்சை கிடைக்காமல் போகும் என்று காரணத்தை 2008இல் அச்சிலேயே சொன்னது. மறுக்கலாம், பதில் சொல்லாமல் இருக்கக் கூடாது.

ஆகவே, ஒவ்வொரு பரிந்துரைக்கும் மூன்று மாதத்தில் ஏற்கிறோம் அல்லது மறுக்கிறோம், இன்ன காரணம் என்று பதில் தருவதாக வட்டார மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் வாங்கு. அது கைக்கு வந்த பிறகு தேதி குறி. கேள்வித்தாள் தயாரானதும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு, பார்த்துத் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்