டன் அளவை மட்டும் சொல்லி விற்கப்பட்ட பவர் பிரஸ் குறித்த புகார்

அனுப்புநர்:
உரிமையாளர்,
உலோகத் தகட்டு வேலைப் பட்டறை,
காக்கி புக்கிட், சிங்கப்பூர்.

பெறுநர்:
விற்பனைப் பிரிவு மேலாளர்,
தொழிற்சாலை இயந்திர விற்பனை நிறுவனம்,
சிங்கப்பூர்.

பொருள்: 80 டன் பவர் பிரஸ்ஸைத் திரும்பப் பெற்று, வேலைக்கு ஏற்ற இயந்திரம் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் நிறுவனத்திடம் நாங்கள் வாங்கிய 80 டன் பவர் பிரஸ் (80 டன் விசை வரை தகட்டை அழுத்தி வடிவமைக்கும் இயந்திரம்), எந்த வேலைக்காக வாங்கப்பட்டதோ அந்த வேலையைச் செய்ய இயலாத இயந்திரம் என்பதை எழுத்து மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்கள் தேவை என்ன என்பதை ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே வரைபடத்துடன் அனுப்பியிருந்தோம். வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளின் குளியலறையிலும் சமையலறையிலும் பதிக்கும் தரை வடிகாலுக்கான கிண்ணம் அது. 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 1.5 மி.மீ. கனம், 180 மி.மீ. விட்டமுள்ள வட்டத் தகட்டிலிருந்து 100 மி.மீ. விட்டமும் சுமார் 55 மி.மீ. ஆழமும் உள்ள கிண்ணத்தை ஒரே இழுப்பில், அதாவது தகட்டை அச்சுக்குள் ஒரே முறை அழுத்தி இறக்கி, எடுக்க வேண்டும். இதைப் பார்த்த தங்கள் விற்பனை அதிகாரி, இவ்வேலைக்கு 40 டன் போதும் என்றும், 80 டன் பிரஸ் எடுத்தால் இரண்டு மடங்கு பலம் கையிருப்பில் இருக்கும் என்றும் மின்னஞ்சலில் உறுதியளித்தார்.

40 டன் என்ற கணக்கில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. கிண்ணத்தை இழுக்க ஏறக்குறைய 32 டன்னும், தகடு சுருங்கி மடியாமல் பிடித்து வைக்கும் குஷனுக்குச் சுமார் 5 டன்னும் தேவைப்படும். ஆனால் அந்த விசை, பிரஸ்ஸில் மேலும் கீழும் இயங்கும் பகுதியான ஸ்லைடு எந்த உயரத்தில் இருக்கும்போது தேவைப்படுகிறது என்பதுதான் கேள்வி; அதைத் தங்கள் தரப்பில் எவரும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. கிராங்க் எனும் சுழலும் வளைதண்டால் இயங்கும் பிரஸ் தன் முழு டன் அளவை ஸ்ட்ரோக்கின், அதாவது ஸ்லைடு நகரும் தூரத்தின், அடிப்பகுதியில் மட்டுமே தரும். இந்த இயந்திரத்தில் அது அடிமட்டத்துக்கு 4 மி.மீ. மேலே வரைதான் என்பது விலைப்பட்டியலில் இல்லை, விளம்பர ஏட்டிலும் இல்லை. இயந்திரம் வந்து இறங்கிய பின் கையேட்டின் பின்பக்கத்து விசை வரைகோட்டில்தான் கண்டேன். 120 மி.மீ. ஸ்ட்ரோக் கொண்ட இந்தப் பிரஸ், அடிமட்டத்துக்கு 40 மி.மீ. மேலே இருக்கும்போது ஏறக்குறைய 30 டன்னுக்கு மேல் தாங்காது. எங்கள் கிண்ணம் உச்ச விசையைக் கேட்பதோ ஏறத்தாழ அந்த உயரத்தில்தான்.

பட்டறையில் நடப்பதைச் சொல்கிறேன். பஞ்ச் எனும் மேல் அச்சு தகட்டை அழுத்தி இறங்கத் தொடங்கியதும், ஃபிளைவீல் எனும் கனத்த சுழல் சக்கரத்தின் சத்தம் தணிகிறது, கிளட்ச் நழுவுகிறது, ஸ்லைடு பாதி வழியில் நின்றுவிடுகிறது. அரைகுறையாக இழுபட்ட கிண்ணம் டை எனும் கீழ் அச்சின் வாயில் இறுகிக் கிடக்க, கிளட்ச் லைனிங் கருகும் வாடை பட்டறை முழுவதும் பரவுகிறது. அதன் பிறகு மோட்டாரை எதிர்த்திசையில் சிறிது சிறிதாக இயக்கி ஸ்லைடை மேலே ஏற்றி, மின்சாரத்தைத் துண்டித்து, ஸ்லைடுக்கு அடியில் முட்டுக்கட்டை வைத்த பிறகே கிண்ணத்தை நெம்பி எடுக்க முடிகிறது. என் ஊழியர்கள் டைக்குள் கை வைக்க வேண்டிய ஒவ்வொரு முறையும் நான் அருகில் நிற்கிறேன். இந்த நிலை எனக்குப் பெரும் கவலையைத் தருகிறது.

மிகைச்சுமைப் பாதுகாப்பு இருப்பதால் இயந்திரத்துக்குச் சேதம் வராது என்று தங்கள் சர்வீஸ் பொறியாளர் கூறியதை ஏற்க இயலவில்லை. அந்த ஹைட்ராலிக் பாதுகாப்பு ஸ்லைடின் மீது விழும் விசையை மட்டுமே அறியும். அது 80 டன்னில் வேலை செய்யும்படி அமைக்கப்பட்டுள்ளது. 40 மி.மீ. உயரத்தில் 37 டன் சுமை வரும்போது அது அசையாது. முறுக்கு விசை முழுவதையும் கிராங்க்கும் கியரும் கிளட்ச்சும்தான் சுமக்கின்றன.

விற்பனைக்கு முன் தங்கள் காட்சிக்கூடத்தில் நடந்த சோதனையில் 3 மி.மீ. இரும்புத் தகட்டில் வட்டங்கள் வெட்டிக் காட்டப்பட்டன. வெட்டும் வேலை ஸ்ட்ரோக்கின் கடைசிச் சில மில்லிமீட்டர்களில் முடிந்துவிடுவதால் அதில் குறையே தெரியாது. எங்கள் 180 மி.மீ. வட்டத்தை வெட்டவும் இதே பிரஸ் நன்றாகவே பயன்படும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் நாங்கள் கேட்டது இழுக்கும் பிரஸ்.

தாங்கள் இப்போது பரிந்துரைக்கும் 160 டன் பவர் பிரஸ்ஸும் தீர்வாகாது. அதன் உயரவாரியான விசை வரைகோட்டைக் கேட்டும் இன்னும் கிடைக்கவில்லை. மேலும் 304 ரக ஸ்டீல் இழுக்க இழுக்க இறுகும் தன்மை கொண்டது, அதை மெதுவாக இழுக்க வேண்டும். நிமிடத்துக்கு 40 ஸ்ட்ரோக் ஓடும் எங்களிடம் உள்ள 80 டன் பிரஸ்ஸின் ஸ்லைடு, அந்த 40 மி.மீ. உயரத்தில் நிமிடத்துக்கு 14 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது. ஹைட்ராலிக் பிரஸ் ஸ்ட்ரோக்கின் எந்த இடத்திலும் முழு விசையைத் தரும், வேகத்தையும் குறைத்துக்கொள்ளலாம். அது மெதுவானது என்று தங்கள் அதிகாரி சொன்னது உண்மைதான். நாள் முழுவதும் வட்டம் வெட்டும் பட்டறைக்கு அது குறை, எங்களுக்கோ அதுவே தேவை.

வாங்குபவர் தம் பயன்பாட்டைத் தெரிவித்து விற்பவரின் திறமையை நம்பி வாங்கும்போது, பொருள் அப்பயன்பாட்டுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று சிங்கப்பூரின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு கூறுகிறது. எங்கள் வரைபடமும் தங்கள் அதிகாரியின் பதிலும் அதற்குச் சான்றாக இணைக்கப்பட்டுள்ளன.

ஆகவே, இந்தப் பிரஸ்ஸைத் தங்கள் செலவில் எடுத்துச் சென்று, செலுத்திய முழுத் தொகையையும் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அல்லது டை குஷனுடன் கூடிய தகுந்த ஹைட்ராலிக் பிரஸ்ஸை மாற்றாகத் தருவதாயின், எங்கள் டையையும் எங்கள் தகட்டையும் வைத்துக் கிண்ணம் முழுமையாக இழுபடுவதைக் காட்டிய பின்பே அதை ஏற்றுக்கொள்வேன். விலை வித்தியாசம் இருப்பின் அதைப் பேசித் தீர்க்கத் தயாராக இருக்கிறேன். கருகிய கிளட்ச் லைனிங்குக்காக அனுப்பப்பட்ட கட்டண ரசீதையும் ரத்து செய்ய வேண்டும். இக்கடிதம் கிடைத்த 14 நாள்களுக்குள் தங்கள் முடிவை எழுத்தில் தெரிவிக்கக் கோருகிறேன். அதுவரை இந்த இயந்திரத்தில் இழுப்பு வேலை எதையும் செய்ய என் ஊழியர்களை அனுமதிக்கமாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பட்டறை உரிமையாளர்

இணைப்பு: கிண்ணத்தின் வரைபடம், மின்னஞ்சல் நகல், கையேட்டின் வரைகோட்டுப் பக்கம், பாதியில் நின்ற கிண்ணங்களின் படங்கள்.