நான் வரும்வரை இடிக்காதே

வலென்சியா, ஸ்பெயின்
அக்டோபர் கடைசி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பதினெட்டு நாள் ஆகிறது. வாட்ஸ்அப்பில் ஒரு வரி தட்டிவிட்டிருக்கலாம். ஆனால் நீ, முன்கூடத்துச் சுவர் பூச்சு உதிர்வதையும் பழைய வீட்டை இடித்துவிடலாம் என்று உன் மகன் சொல்வதையும் பற்றி நான்கு பக்கம் பேனா பிடித்து எழுதியிருக்கிறாய். அதற்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தைப் பதிலாக அனுப்ப மனசு வரவில்லை. இன்றைக்குத்தான் பேத்தி மத்தியானம் ஒழுங்காகத் தூங்குகிறாள், உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் நம் சேதி. பேத்திக்கு ஐந்து மாதம், குப்புற விழ ஆரம்பித்துவிட்டாள். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, முழங்கால்தான் இல்லை. தினமும் காலையில் ஒரு மணி நேரம் ஆற்றுக்குள் நடக்கிறேன். பதறாதே, தண்ணீர் கிடையாது. தூரியா என்று ஆறு. 1957 அக்டோபரில் இதில் வந்த வெள்ளம் ஊரையே புரட்டிப் போட்டுவிட்டதாம். அதற்கப்புறம் ஊருக்குத் தெற்கே புதுப் படுகை வெட்டி ஆற்றையே அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். பழைய படுகை முழுக்க இப்போது பூங்கா. மேலே கற்பாலங்கள் அப்படியே நிற்கின்றன, அடியில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். பாலத்தின் அடிவயிற்றை நின்று நிதானமாகப் பார்த்துக்கொண்டு நடப்பது நம்மைப் போன்ற கட்டட வேலை ஆட்களுக்குப் பெரிய சுகம்.

இந்த ஆறு எங்கேயிருந்துதான் வருகிறது என்று ஒருநாள் மருமகனிடம் கேட்டேன். "மேலே மலையிலிருந்து மாமா, அங்கே பேரே வேறு" என்றார். அங்கே அதற்கு குவாதலவியார் என்று பெயர். அரபியில் "வெள்ளை ஆறு" என்று அர்த்தமாம். வெள்ளாறு! நீயும் நானும் வேலைக்காக ஒன்றரை வருடம் ஆற்றங்கரையில் கொட்டகை போட்டுக் கிடந்தோமே, அதே பேர். அப்புறம் சும்மா இருக்க முடியுமா? போன செவ்வாய்க்கிழமை பிள்ளையையும் தூக்கிக்கொண்டு காரில் கிளம்பிவிட்டோம். சுமார் 180 கிலோமீட்டர், முக்கால்வாசி ஏற்றம்.

வழியில் தெருவேல் என்று ஒரு நகரம். பலகையில் பார்த்ததும் முருகன் கோயில் ஊர் போல இருக்கிறதே என்று சிரித்தேன். அது ஒரு மாகாணத் தலைநகர். மாகாணம் 14,800 சதுர கிலோமீட்டர், மொத்த ஜனம் 1,34,000 சொச்சம். சதுர கிலோமீட்டருக்கு ஒன்பது பேர். உன் தெருவில் ஒரு வளைகாப்புக்கு அதைவிட அதிகம் பேர் வருவார்கள். இளைஞர்களெல்லாம் வேலை தேடிப் பெரிய நகரங்களுக்குப் போய்விட்டார்கள். 1999இல் மிச்சமிருந்தவர்கள் சேர்ந்து ஓர் இயக்கம் தொடங்கினார்கள். அதன் பெயரே "தெருவேல் இருக்கிறது" என்பதுதான். யோசித்துப் பார், நாங்கள் இருக்கிறோம் என்று சொல்வதற்கே ஓர் இயக்கம்.

அங்கிருந்து முக்கால் மணி நேரத்தில் அல்பராசின். ஆயிரம் பேர் சொச்சம் வசிக்கும் ஊர். கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,170 மீட்டர் உயரத்தில், ஆறு வளைத்துச் சுற்றிக்கொண்டு போகும் பாறை முதுகில் உட்கார்ந்திருக்கிறது. காரைக் கீழேயே நிறுத்திவிட்டு ஏற வேண்டும். ஆற்றங்கரையில் நெட்டிலிங்கம் மாதிரி நெடுநெடுவென்று பாப்ளார் மரங்கள், இலையெல்லாம் மஞ்சள். குளிர் காதைக் கடித்தது. என் மகள் எனக்கு மப்ளர் கட்டிவிட்டதில் ஐயப்பன் கோயிலுக்குப் போகிற ஆள் போல ஆகிவிட்டேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தது மத்தியானம் மூன்று மணிக்கு. அந்த நேரத்தில் இந்த நாட்டில் யாரும் வெளியே வரமாட்டார்கள். கடை மூடியிருந்தது, கோயில் மூடியிருந்தது, சன்னல்களில் வெள்ளைப் பின்னல் திரை தொங்கியது. என் செருப்புச் சத்தம் எனக்கே உறுத்தியது. ஒரு வளைவில் கிழவி ஒருத்தி வாசலில் நாற்காலி போட்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். "புவேனாஸ்" என்றாள். முன்பின் தெரியாதவனைப் பார்த்தாலும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். நானும் சொன்னேன். உங்கள் அம்மா திண்ணையில் உட்கார்ந்து தெருவில் போகிறவனையெல்லாம் "யாரு வீட்டுப் பிள்ளை?" என்று நிறுத்துவார்களே, அது ஞாபகம் வந்தது. உன் கடிதமும் அப்போது என் சட்டைப் பையில்தான் இருந்தது.

ஊர் முழுக்க ஒரே நிறம். வெளிறிய செங்கல் நிறம், இடத்துக்கு இடம் ரோஜாவாகவும் காவியாகவும் மாறுகிறது. பெயின்ட் என்று நினைத்துக் கிட்டப் போய் நகத்தால் சுரண்டினேன் (மகள் முறைத்தாள்). பெயின்ட் இல்லை, பூச்சே அந்த நிறம். அந்தப் பக்கத்து மண்ணில் கிடைக்கும் ஜிப்சத்தைச் சுட்டு, பொடித்து, தண்ணீர் ஊற்றிப் பூசியிருக்கிறார்கள். மண்ணில் உள்ள இரும்புச் சத்து சிவப்பைக் கொடுத்துவிடுகிறது. கீழே கல் கட்டு, மேலே மரச்சட்டம், சட்டங்களுக்கு நடுவே இந்தப் பூச்சு. பாறை மேல் இடம் கொஞ்சம்தான். அதனால் ஒவ்வொரு மாடியையும் கீழ்மாடியைவிட ஒரு முழம் தெருப்பக்கம் தள்ளிக் கட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். உச்சியில் எதிரெதிர் வீட்டுத் தாழ்வாரங்கள் முட்டிக்கொள்வதற்கு ஒரு சாண் இருக்கும். அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு நாடா மாதிரி தெரிகிறது.

ஏன் ஜிப்சம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுண்ணாம்புக்கல் சுட 900 டிகிரி வேண்டும், இதற்கு 150 இருந்தால் போதும். விறகு மிச்சம். ஆனால் மழைத் தண்ணீர் நின்று அடித்தால் கரையும். அந்த நீளத் தாழ்வாரம் அதனால்தான். சுவருக்குக் குடை பிடிக்கிறது. அழகுக்கென்று வைத்ததாக ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை என்று எழுத நினைத்தேன், அது பொய்யாகிவிடும். கதவைத் தட்டும் இரும்புப்பிடியைப் பல்லி மாதிரி அடித்து வைத்திருக்கிறார்கள். மெலிந்த உடம்பு, வளைந்த வால், நாகத்துக்கும் பல்லிக்கும் நடுவே ஒரு முகம். தட்டினால் பல்லி சொல்கிறது. எந்தத் திசைப் பல்லிக்கு என்ன பலன் என்று பாம்பு பஞ்சாங்கத்தைப் பார்க்க வேண்டும்.

மோலினா வாசல் என்ற பழைய கோட்டை வாசலுக்குப் பக்கத்தில் ஒரு வீடு இருக்கிறது, ஹுலியனேத்தா வீடு என்கிறார்கள். இரண்டு தெரு பிரிகிற முக்கில் நிற்கிறது. ஒரு சுவரும் தூக்குக்குண்டுக்கு நிற்காது. கூரை ஒரு பக்கம், சன்னல் ஒரு பக்கம், சுவர் இன்னொரு பக்கம். பாலிடெக்னிக்கில் வரைந்து காட்டியிருந்தால் நம் வாத்தியார் நோட்டை வெளியே எறிந்திருப்பார். இதை யாரும் நிமிர்த்தவில்லை. சாய்ந்தது சாய்ந்தபடியே உள்ளே பலப்படுத்திவிட்டு விட்டுவிட்டார்கள்.

சரித்திரம் ரொம்பச் சொல்லமாட்டேன், நீ கொட்டாவி விடுவாய். பனூ ராசின் என்கிற வட ஆப்பிரிக்க பெர்பெர் குடும்பம் ஆண்டதால் அந்தப் பெயர். பிறகு 12ஆம் நூற்றாண்டில் அசாக்ரா என்ற கிறித்துவக் குடும்பத்தின் கையில் வந்தது. இந்தப் பக்கம் காஸ்தில், அந்தப் பக்கம் அரகோன், இரண்டு பெரிய ராஜாக்கள். அசாக்ராக்கள் இருவருக்கும் தலைவணங்காமல், "நாங்கள் மரியன்னைக்கு மட்டும்தான் கட்டுப்பட்டவர்கள்" என்று சொல்லி நூறு வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டார்கள். 1284இல் அரகோன் ராஜா வந்து முற்றுகை போட்டுப் பிடித்துக்கொண்டார். ஊருக்கு மேலே கோட்டைச் சுவர் மலை முதுகில் பல் பல்லாக ஏறுகிறது. உச்சிக் கோபுரம் வரை போக வேண்டும் என்று ஆசைதான். பாதியில் முழங்கால் கையெடுத்துக் கும்பிட்டது, உட்கார்ந்துவிட்டேன். பக்கத்துப் பைன் காட்டில் சிவப்புப் பாறைகளில் ஆதிமனிதன் வரைந்த காளைகள் இருக்கின்றன. பிள்ளையை வைத்துக்கொண்டு அதற்கும் போகவில்லை.

சாப்பாட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சிறு கடையில் மகள் நிறுத்தி நிதானமாக "அப்பா கறி சாப்பிடமாட்டார், காய் மட்டும்" என்று சொன்னாள். தலையாட்டிவிட்டுப் போனார்கள். வந்த பீன்ஸில் பொடிப்பொடியாகப் பன்றித்தொடை. கேட்டால், "இது கறி இல்லையே, வாசனைக்குத்தானே!" அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. உலர்த்திய பன்றித்தொடைக்கு இந்த நாட்டிலேயே முதலில் புவிசார் குறியீடு மாதிரி ஊர் முத்திரை வாங்கியது இந்தத் தெருவேல் மாகாணம்தான், 1984இல். கருவேப்பிலை போடாதே என்று நம் வீட்டில் சொன்ன மாதிரி இருந்திருக்கும். ரொட்டியும் காப்பியுமாக முடித்துக்கொண்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நாலரை மணி வாக்கில் தெரு கொஞ்சம் உயிர் பெற்றது. ஒரு சந்தில் கொத்தனார் ஒருவர் வீட்டின் அடிச்சுவரில் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். ரப்பர் வாளியில் தண்ணீர், அதில் சிவப்புப் பொடியைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவுகிறார், கலக்குவதுகூட இல்லை. பொடி தானாக முங்கியதும் ஒரு கிண்டு. அப்புறம் அவர் வேகத்தைப் பார்க்க வேண்டும். சில நிமிடங்களில் இறுகிவிடும் சரக்கு. கடுக்காய்த் தண்ணீர் ஊற்றி நாள்கணக்கில் அரைத்து, மாதக்கணக்கில் ஆறவிடும் நம் சுண்ணாம்புக் காரைக்கு நேர் எதிர். கரணையால் எடுத்து அப்பி, அதன் முதுகாலேயே ஒரே இழுப்பு. மட்டப்பலகை கிடையாது. பக்கத்துச் சுவர் எப்படி அலைகிறதோ அப்படியே ஒட்டும் அலைகிறது. ஆனால் நிறம் மட்டும் பச்சைப் புண் மாதிரி பளிச்சென்று இருந்தது. நிறம் சேரவில்லையே என்று மகளை விட்டுக் கேட்டேன். ஒரு குளிர்காலம் போகட்டும், தானாகச் சேரும் என்றார். சிமென்ட் போடமாட்டீர்களா என்று கேட்டேன். இரண்டு வீடு தள்ளிக் கூட்டிக்கொண்டு போய் ஒரு சுவரைக் காட்டினார். முன்பு யாரோ சிமென்ட் பூசிய இடம். பொருமி, உப்புப் பூத்து, அப்பளமாகக் கையோடு வந்தது.

மாப்ளே, அது உன் வீட்டுச் சுவர். முன்கூடத்துச் சுவர் பற்றி நீ இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாயே, அதேதான். அதற்குச் சிமென்ட் பூசச் சொன்னது யார்? நான். இருபத்திரண்டு வருடத்துக்கு முன், உன் பெரிய மகன் பூணூல் கல்யாணத்துக்கு முந்தின மாதம். "காரையெல்லாம் பழைய சங்கதி, சிமென்ட் ஒன்றுக்கு மணல் ஐந்து போட்டு அடி, நூறு வருஷம் நிற்கும்" என்று உங்கள் அப்பா முன்னால் பேசினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். தரையிலிருந்து ஏறும் ஓதத்தைக் காரை மூச்சாக வெளியே விட்டுக்கொண்டிருந்தது. நான் அதன் மூக்கை அடைத்துவிட்டேன். ஓதம் உள்ளேயே தங்கி உப்பாகிச் சிமென்ட்டைத் தள்ளுகிறது. வீடு கெட்டுப்போகவில்லை, நான் போட்ட சட்டைதான் கிழிகிறது. இதைக் கடிதத்தில்தான் சொல்ல முடிகிறது, போனில் வாய் வரவில்லை.

அல்பராசினைக் காட்டி உன் மகனை மடக்கலாம் என்று நினைக்காதே. அவனும் விவரமானவன். 1961லேயே அரசாங்கம் அந்த ஊரைத் தேசியச் சின்னமாக அறிவித்தது. 1996 முதல் ஓர் அறக்கட்டளை கட்டடம் கட்டடமாகப் பழுது பார்க்கிறது. இவ்வளவும் செய்து, இருட்டியதும் பார்த்தால் பத்துச் சன்னலில் மூன்றில்தான் விளக்கு. மற்றதெல்லாம் சனி, ஞாயிறு வந்து போகிறவர்கள் வீடு, இல்லையென்றால் விடுதி. "காப்பாற்றிய ஊரில் ஆள் எங்கே மாமா?" என்று அவன் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. உன் வீட்டிலோ நீங்கள் இரண்டு பேர் இருக்கிறீர்கள், தினமும் அடுப்பு எரிகிறது. நான் பேசுவது அந்த ஒரு வீட்டைப் பற்றித்தான்.

ஆகவே ஒரு மாதம் பொறு. டிசம்பர் 9ஆம் தேதி ஊருக்கு வருகிறேன். அதற்குள் நீ செய்ய வேண்டியது: முன்கூடத்தில் தரையிலிருந்து நான்கு அடி வரை சிமென்ட் பூச்சை மட்டும் கொத்தி எடுக்கச் சொல். மெதுவாக, உளியால். பெரிய சுத்தியலோடு எவனாவது வந்தால் வாசலிலேயே காப்பி கொடுத்து அனுப்பிவிடு. கொத்திய சுவரை அப்படியே காற்றாட விடு, வீடு அசிங்கமாகத் தெரியும், தங்கச்சி திட்டுவாள், வாங்கிக்கொள். ஓதம் எத்தனை அடி ஏறியிருக்கிறது என்று கரிக்கோடு போட்டு வாரம் ஒருமுறை பார்த்துக் குறித்து வை. திண்ணையில் யாரும் கை வைக்கக் கூடாது. காரை அரைக்கத் தெரிந்த ஆள் காரைக்குடிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள், நான் விசாரிக்கிறேன். முதல் மூட்டைச் சுண்ணாம்பு என் செலவு, இதில் நீ பேசக் கூடாது.

அப்புறம், உங்கள் அப்பா அன்றைக்கு எந்த இடத்தில் கை வைத்துத் தடவினார் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? சாமி அறைக் கதவுக்கு இடது பக்கம் என்று எனக்கு ஞாபகம். கொத்தும்போது அந்த இடத்தை மட்டும் நான் வரும்வரை விட்டு வை.

பேத்தி விழித்துவிட்டாள்.

உன்,
பழைய ரூம்மேட்